வசனமில்லாத பூனையும் குடைமேல் விழும் மழையும்

இந்த வாரம் பார்த்த ‘ஃப்ளோ’ (2024) படத்தில் ஒரு வசனம்கூட இல்லை என்பது பாதிப் படம் கடந்த பிறகே எனக்கு உறைத்தது. கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய இந்த லாட்விய அனிமேஷன் படம், பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் உருவாகி, 2025இல் ஆஸ்கர் விருதும் பெற்றது. வெள்ளத்தில் மிதந்து வரும் படகில் தாவி ஏறிய பூனை, அங்கே முன்பே அமர்ந்திருக்கும் காபிபாரா என்னும் பெரிய கொறித்துண்ணியை நம்பலாமா என்று தயங்கும் இடத்தில் மனிதக் குரல் ஒன்று நுழைந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

மறுநாள் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’வை (1988) மீண்டும் பார்த்தேன். குடையின்மேல் விழும் துளிகளின் ஓசையில் மயங்கிய டோட்டோரோ என்னும் காட்டு உயிர், மரத்து நீர் மொத்தமும் கொட்டட்டும் என்று எம்பிக் குதிக்கும் காட்சிக்காக முன்பெல்லாம் காத்திருப்பேன்; இம்முறையோ, உறங்கும் தங்கையை முதுகில் சுமந்தபடி அப்பாவின் பேருந்துக்காக நிற்கும் சிறுமி சாட்சுகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.