கீபோர்டு பாட்டில் டிரம்ஸை நிறுத்த நான் அலைந்த அலைச்சல்

புதிதாகக் கீபோர்டு வாங்கியவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளேயே பதிந்து வரும் பாட்டுகளில் பின்னணியில் ஓடும் டிரம்ஸையும் ஸ்டிரிங்ஸையும் ஏ.சி.எம்.பி. (ACMP, நாம் வாசிக்கும்போது தானாகக் கூடச் சேரும் துணை இசைக்கானது) பட்டனால் நிறுத்த முடியாது. கடையில் முடியும் என்பார்கள். ஹெல்ப்லைனிலும் அதையே சொல்வார்கள். சர்வீஸ் சென்டரில் பட்டனை அமுக்கியே காட்டுவார்கள். நம்பி பஸ் ஏறாதீர்கள்.

என்னுடையது 61 கீ உள்ள சாதாரண மாடல், மகளுக்கும் எனக்குமாக வாங்கியது. விரல் பழகுவது வரை எந்தக் குறையும் இல்லை. அதன்பிறகுதான் டீச்சர், "இனிமே பேக்கிங் (பின்னணி இசை) இல்லாம ரெண்டு கையையும் வாசிச்சுப் பழகிட்டு வாங்க" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் (1824) வரும் மகிழ்ச்சிப் பாடல் பல கீபோர்டுகளில் இருக்கும். அதில் நாலாவது வரி ஒரு அடி முன்னாலேயே தொடங்கிவிடும். சி மேஜரில் வாசித்தால், மூன்றாவது வரியின் கடைசி அடியில் 'ஈ' (E) கட்டையை அமுக்கி, அடுத்த பாரின் (தாளக் கட்டத்தின்) முதல் அடி முடியும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். எளிமையாக்கிய பதிப்புகளில் இதை நேராக்கிவிடுவார்கள். டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடத்தைக் கை எப்படியோ கடந்துவிடும். டிரம்ஸ் போனால்தான் மனசுக்குள் தாளம் ஓடுகிறதா இல்லையா என்பது தெரியவரும்.

ஆக பின்னணியை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஹெல்ப்லைனில் பேசிய பெண், "ஏ.சி.எம்.பி. ஆஃப் பண்ணுங்க மேடம்" என்றார். ஆஃப்தான் செய்திருக்கிறேன், இன்னும் டிரம்ஸ் கேட்கிறது என்றேன். "அப்ப சர்வீஸ் சென்டர்ல காட்டிடுங்க" என்று வைத்துவிட்டார்.

பொள்ளாச்சியிலிருந்து கோயம்புத்தூர். கீபோர்டை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் மேலே வைக்க இடமில்லை. மடியில் குறுக்கே வைத்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் முழங்காலில் இடிக்காமல் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். வெகுநேரம் காக்க வைத்த பிறகு ஒரு பையன் வந்து பிளக்கைச் செருகினான், ஒரு ஸ்டைலைப் போட்டான், பட்டனை அமுக்கினான். "பாருங்க அக்கா, நின்னு போச்சுங்க."

"தம்பி, இது ஸ்டைல். நான் கேக்கறது சாங்கு. சாங்கைப் போட்டுக் காட்டுங்க."

"சாங்குக்கும் இதேதானுங்க அக்கா."

"அப்ப போடுங்க."

போட்டான். டிரம்ஸ் அடித்தது. மறுபடி அமுக்கினான், மறுபடியும் அடித்தது. உடனே, "போர்டுல கம்ப்ளெயிண்ட் இருக்குமுங்க, விட்டுட்டுப் போங்க" என்றான். விடவில்லை. செக்கிங் சார்ஜ் என்று ரசீது போட்டார்கள். பிரச்சினையையே காதில் வாங்காதவர்களுக்கு எதற்குப் பணம் என்று இன்னும் ஆறவில்லை. கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து மேனுவலைப் பொறுமையாகப் படித்ததும் விஷயம் புரிந்தது. ஸ்டைல் என்பது நாம் இடது கையில் கார்டு (chord, ஒன்றாகச் சேர்த்து அமுக்கும் சில கட்டைகள்) பிடித்தால் கூடவே வாசிக்கும் தாள வாத்தியக் கட்டு. ஏ.சி.எம்.பி. அதற்கான பட்டன். சாங் என்பது முழுசாகப் பதிந்த மிடி (MIDI, எந்தக் கட்டையை எப்போது வாசிப்பது என்ற குறிப்புகள் அடங்கிய கோப்பு) மாதிரியான பதிவு. அதில் வலது கை ஒரு சேனல், இடது கை ஒரு சேனல், பேஸ், ஸ்டிரிங்ஸ், டிரம்ஸ் எல்லாம் வேறு வேறு சேனல். லெசன் பகுதியில் இருக்கும் எல், ஆர் பட்டன்கள் இரண்டு கைகளை மட்டும் அணைக்கும். மிச்சமெல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாங் வால்யூமைக் குறைத்தால் எல்லாமே சேர்ந்து குறையும். என் மாடலில் பின்னணியை மட்டும் தனியாக அணைக்க வழியே கிடையாது. இந்த ஒரு வரியை யாராவது நேராகச் சொல்லியிருந்தால் அந்தப் பயணமே வேண்டியிருந்திருக்காது.

வழி இல்லாமல் இல்லை. கம்பெனி இணையதளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் சாங் புக் பிடிஎஃப் கிடைத்தது. உள்ளே இருக்கும் பாட்டுகளின் நோட்டேஷன் அதில் இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து, சாங்கை ஓடவே விடாமல், அடியை மட்டும் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை மட்டும் போட்டு வாசிக்க ஆரம்பித்தேன். டெம்போவைப் பாதிக்குக் குறைத்து, ஒவ்வொரு கையாக, நாலு நாலு பாராக.

அடுத்தது கீபோர்டிலேயே இருக்கும் ரெக்கார்டர். எனக்கு உண்மையான வெற்றி இதில்தான் கிடைத்தது. இடது கையை மட்டும் நானே மெதுவாக வாசித்துப் பதிந்துகொண்டேன். அதை ஓடவிட்டு வலது கையை அதன்மேல் வாசித்தேன். பிறகு மாற்றி, வலதைப் பதிந்து இடதை வாசித்தேன். கூட ஓடுவது என் இன்னொரு கை மட்டும்தான், டிரம்ஸ் இல்லை. இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மெட்ரோனோம் சத்தம் பதிவில் விழாது, அதனால் திரும்பப் போடும்போது எப்போது தொடங்குவது என்று திண்டாட வேண்டிவரும். பாட்டுக்கு முன்னால் கடைசி கீழ்க்கட்டையை நாலு அடிக்கு டொக் டொக்கென்று தட்டிப் பதிந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஏ.சி.எம்.பி. இங்கேதான் உண்மையில் ஆஃபில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடது கை பட்ட இடமெல்லாம் கார்டாகப் பதிந்துவிடும். சில மாடல்களில் ஸ்விட்சை அணைத்தால் பதிவு போய்விடும், சின்னதாக ஒன்று பதிந்து சோதித்துவிட்டு இறங்குங்கள்.

கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. அதே பாட்டின் மிடி கோப்பு வேறெங்காவது கிடைத்தால் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் திறந்து, இரண்டு கைகளை மட்டும் விட்டு மீதி வரிகளை நீக்கிவிடலாம். ஜெனரல் மிடி முறைப்படி டிரம்ஸ் 10-ஆம் சேனலில் இருக்கும், அதை எடுத்தாலே பாதி இரைச்சல் அடங்கும். யூஎஸ்பி வழியாகக் கீபோர்டில் ஏற்றும் வசதி இருக்கிறதா, எந்த வகை மிடியை ஏற்கும் என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்மேட் 0 (எல்லா சேனலும் ஒரே டிராக்கில் இருக்கும் மிடி வகை) மட்டும்தான் ஏற்கும் மாடல்களும் இருக்கின்றன.

லெசனில் இருக்கும் வெயிட்டிங் முறையை மட்டும் நம்பிவிடாதீர்கள். சரியான கட்டையை அமுக்கும்வரை பாட்டு நின்று காத்திருக்கும். கட்டை எது என்று பழகலாம், தாளம் பழக அது உதவாது. என் மகள் அதில் முழுப் பாட்டையும் வாசித்துவிடுவாள். மெட்ரோனோமோடு வாசிக்கச் சொன்னதும் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். இப்போது அவளும் ரெக்கார்டர் முறைக்கு வந்துவிட்டாள்.

பாட்டுப் பட்டியலில் பியானோ சோலோ என்று தனிப் பிரிவு இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். அவற்றில் பெரும்பாலும் பின்னணியே இருக்காது, எல், ஆர் பட்டன்கள் மட்டுமே போதும். இன்னும் வாங்காதவர்கள் கடையிலேயே ஒரு பாட்டைப் போட்டு, இரண்டு கைகளையும் அணைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கேட்பதுதான் பின்னணி. அதை எப்படி நிறுத்துவது என்று அங்கேயே, அந்தக் கீபோர்டிலேயே செய்து காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.