அப்பாவின் ரைபிளுக்கு வார்னிஷ் வேண்டாம்

பங்குனி தொடங்கி சித்திரை முடியும்வரை எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஒரு பழைய கயிற்றுக் கட்டிலின் மேல், அப்பாவின் ரைபிள் கட்டை கிடந்தது. மரம் மட்டும்தான். குழல், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட், தோட்டா அடுக்கும் மேகஸின் எல்லாம் மதுரையில் உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் ரசீது போட்டுப் பத்திரமாக இருந்தன. உரிமம் அப்பா பெயரில் இருப்பதால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான், மரத்தை வாங்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். இரும்பில் கை வைத்துப் பழுதுபார்க்க 1959 ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும், அதனால் அந்தப் பக்கமே நான் போகவில்லை. எனக்கு அந்த மரம்தான் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்பா பட்டாளத்தில் இருந்தவர். பயிற்சிக் காலத்தில் ராணுவத்தின் 303 ரைபிளைத் தோளில் தாங்கியவர். ஊர் திரும்பி காரைக்குடியில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தபோது சொந்தமாக வாங்கியது 315 போர் ரைபிள், 'போர்' என்றால் குழலின் உள்விட்டம். ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே தடை இருந்ததால், மான்லிகர் என்ற பழைய ஐரோப்பியத் தோட்டாவை ஒட்டி 8 மில்லிமீட்டரில் உருவான அளவு இது. ஆனால் துப்பாக்கியின் உடம்பு அந்த 303-இன் லீ என்ஃபீல்டு வம்சம்தான், மேற்கு வங்கத்தில் 1904-ல் தொடங்கிய இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. போல்ட்டை மேலே தூக்கிப் பின்னால் இழுக்கும்போது கை அதைப் பழைய 303 என்றே நினைத்துக்கொள்ளும் என்பார் அப்பா. அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு இதன்மேல் அவ்வளவு பிரியம்.

பல வருடங்களுக்கு முன்னால், நான் வெளியூரில் வேலையில் இருந்தபோது, யாரோ சொன்னார்கள் என்று கட்டையை ஒரு பாலிஷ் பட்டறையில் கொடுத்துவிட்டார். அவர்கள் கதவு வேலை செய்கிறவர்கள். மெஷின் வைத்துத் தேய்த்து, கதவுக்கு அடிக்கிற வார்னிஷையே 3 கோட்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், கண்ணாடி மாதிரி மின்னியது. 2 கோடை தாண்டியதும் மேல்பூச்சு மஞ்சளாகி, மீன் செதில் மாதிரி உரிய ஆரம்பித்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், பின்கட்டையில் குத்தியிருந்த தொழிற்சாலை முத்திரை பாதி போயே போய்விட்டது. இரும்பும் மரமும் சேரும் இடத்தில் முன்பு மரம் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும், தேய்த்த தேய்ப்பில் அது இரும்பைவிடக் கீழே இறங்கிவிட்டது. வார்னிஷை எப்போது வேண்டுமானாலும் உரிக்கலாம், உப்புத்தாள் தின்ற மரம் திரும்பி வராது. துப்பாக்கிக் கட்டையைப் புதுப்பிக்கிறேன் என்று யாராவது உப்புத்தாளோடு உட்கார்ந்தால் அவர் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு தேர்தல் அடிகள் வேறு. தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்களிடம் ஆயுதத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து துப்பாக்கிகளோடு சேர்ந்து சுவரில் சாய்ந்து நின்று, ஒன்றோடொன்று இடித்து, ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பள்ளத்தோடு வீடு வரும்.

மதுரைக் கடைக்காரர் கழற்றும்போது ஒரு விஷயம் சொன்னாராம். இந்த வம்சத்துத் துப்பாக்கியில் பின்கட்டையை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்திருக்கும் நீளத் திருகு போல்ட்டை எடுத்த எடுப்பில் திருகக் கூடாது, முதலில் முன்கட்டையைக் கழற்ற வேண்டும். பழைய ராணுவ மாடல்களில் அந்த போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும். முன்கட்டைக்குள் ஒரு சின்னத் தகடு அதைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும். வரிசை மாற்றித் திருகினால் முன்கட்டை உள்ளே வெடித்துவிடும். அப்பா பஸ்ஸில் வரும்போதே போன் போட்டு இதைச் சொன்னார்.

எங்கள் தெருவிலேயே ஆசாரி மாமா இருக்கிறார். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமெல்லாம் பழைய வீடுகளின் நிலை, கதவு, பர்மா தேக்குத் தூண் என்று ஆயுசு முழுக்கப் பார்த்த கை. கட்டையை வாங்கி நகத்தால் ஓரத்தில் கீறி, மோந்து பார்த்து, "தேக்கு இல்ல தம்பி, அக்ரூட் ஜாதி" என்றார். அக்ரூட் என்றால் வால்நட். துப்பாக்கிக்கு அந்த மரத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. உறுதிக்குக் கனம் குறைவு, ஈரம் மாறினாலும் அதிகம் முறுக்காது, சுடும்போது பின்னால் வருகிற உதையைப் பிளக்காமல் வாங்கிக்கொள்ளும்.

வார்னிஷை உரிக்க மாமா எடுத்தது உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு. ஒரு பக்கம் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இழுத்தால் வார்னிஷ் மட்டும் பொடிப்பொடியாகச் சுருண்டு வருகிறது, மரம் அப்படியே நிற்கிறது. 2 நாள் ஆனது. முத்திரை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடியே படவில்லை, அங்கே மட்டும் தின்னர் தொட்ட பஞ்சால் ஒத்தி ஒத்தி எடுத்தேன்.

வார்னிஷுக்கு அடியில் இருந்தது எண்ணெய். அப்பா வேலையை விட்ட பிறகு வீட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அம்மா கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் போனால் காயவே காயாது. அப்படியே பிசுக்காக நின்று தூசியை இழுத்து, மரத்தைக் கறுக்க வைத்துவிடும். நல்லெண்ணெயும் இந்த வேலைக்கு ஆகாது. சீமைச்சுண்ணாம்புப் பொடியைத் தின்னரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, கட்டை முழுக்கப் பூசி, ஓட்டுச் சாய்ப்பின் கீழே அனல் படும் இடத்தில் வைத்தேன். நேர் வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும் என்று மாமா விடவில்லை. சாயங்காலம் பார்த்தால் வெள்ளைப் பூச்சு டீ நிறத்துக்கு வந்திருந்தது. அதைத் தட்டி உதிர்த்துவிட்டு மறுபடியும் பூசினேன். 4-வது நாள் பூச்சு வெள்ளையாகவே நின்றது, அப்போதுதான் அதற்குள் இப்படி ஒரு ரேகை இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரிந்தது. கைப்பிடி வளையும் இடத்தில் தண்ணீர் சுழித்த மாதிரி கறுப்பும் பழுப்புமாக ஒரு சுழி. அப்பா அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பள்ளங்களுக்கு இஸ்திரிப் பெட்டி போதும். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து பள்ளத்தின் மேல் வைத்து, பெட்டியின் மூக்கை மட்டும் அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். நசுங்கிய நார் அந்த ஆவியைக் குடித்து உப்பி மேலே வரும். ஒரே தடவையில் வராது, நாலைந்து தடவை. நார் அறுந்து மரமே போன இடத்தில் மட்டும் இது பலிக்காது, அப்படி 2 தழும்பு அங்கேயே இருக்கின்றன. ஆவி பட்டதும் மேலே மீசை மாதிரி எழுந்த சிம்புகளை நைஸ் இரும்பு நாரால் ஒரு தடவு தடவினேன், அவ்வளவுதான்.

அடிமூலையில், தோளில் படும் முனைக்கான பட் பிளேட் தகடு உட்காரும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை ஒட்டாது, அதனால் சுண்ணாம்பு வேலை முடிந்த பிறகுதான் அதைத் தொட்டோம். விரிசலுக்குள் அசிட்டோன் விட்டு நன்றாக உலரவைத்து, அரால்டைட்டை லேசாகச் சூடுகாட்டி இளக்கி, உள்ளே இறங்கும்வரை ஊதிவிட்டு, சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு நாள் முழுக்க விட்டோம். இப்போது விரலால் தடவினால் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு.

அப்புறம் எண்ணெய். டவுனில் லின்சீடு ஆயில் என்று கேட்டால் கிடைக்கும், ஆளி விதை எண்ணெய்தான், அப்பாவுக்கு மட்டும் அது இன்றைக்கும் பட்டாளத்து 'அல்சி தேல்'. டப்பாவைத் திறந்ததும் அவர் முகம் மாறியது, அந்த வாசனைக்குள் எத்தனை வருஷம் இருந்ததோ. தண்ணீர் காய்கிற மாதிரி இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மரத்துக்குள்ளேயே கெட்டிப்படுகிறது. அதனால் மெல்லிசாகத்தான் போட வேண்டும். உள்ளங்கையில் 4 சொட்டு, கை சூடேறும்வரை தேய்த்து, கால்மணி நேரம் கழித்து மீதியைத் துடைத்துவிட வேண்டும். அதிகம் போட்டால் மேலே பிசினாக நிற்கும். முதல் வாரம் தினமும், அடுத்த மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு ஒரு வருஷம் மாதம் ஒரு தடவை என்பது பழைய கணக்கு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் நாள் துடைத்த துணியைக் கசக்கி ஒரு டப்பாவுக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து எடுத்தால் துணி இஸ்திரி போட்டு இறக்கிய சட்டை மாதிரி சுட்டது. இந்த எண்ணெய் கெட்டிப்படும்போது சூடு கிளம்பும். கசங்கிக் கிடந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில், வைக்கோல் படப்பு பக்கத்தில் இருக்கிற வீட்டில், நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அன்றிலிருந்து துணியைத் தண்ணீர் வாளியில் முக்கிவிட்டு, பிறகு வெட்டவெளியில் கல்தரையில் விரித்துத்தான் காயவைக்கிறோம்.

இவ்வளவும் முடிந்த பிறகும் பின்கட்டையின் இடப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மங்கலான சிவப்பு நின்றது. வருஷா வருஷம் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்த இடம். மாமா கண்ணாடித் துண்டை எடுத்தார், நான் வேண்டாம் என்றேன். அம்மா போய் 6 வருஷமாகிறது. பட்டறை மெஷினுக்கே தப்பி நின்றதை நான் எதற்கு எடுக்க வேண்டும்? கன்னம் பதிந்து வழவழப்பான இடத்தையும், தோள்வார் வளையம் உரசிய கீறலையும் அப்படியேதான் விட்டோம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளுக்குள் போனால் பார்க்கலாம், நூறு கை பட்ட கதவுக்கு ஓர் ஒளி இருக்கும், எந்த பாலிஷிலும் அது வராது. அப்பாவும் பார்த்துவிட்டு, "மின்னுறதுக்கு இது என்ன சோபாவா, இது போதும்ப்பா" என்றார்.

வைகாசி முதல் வாரத்தில் மதுரைக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வாங்கி வந்தார். தேய்ந்து போன ஓரத்தில் இரும்பு இன்னும் லேசாகத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. இப்போது மாதம் ஒரு தடவை எண்ணெய் போடும் கணக்கில் இருக்கிறோம். அதை என்னிடம் தருவதில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவே பின்கட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையில் 4 சொட்டு விட்டுக்கொள்கிறார்.