ராசா அங்கியில இருக்க யானை தெரியணும்: காசு போட்டோவுக்கு கம்மி விலையில ஒரு கேமரா

காசு சேக்குதவங்க ரெண்டு பேரு கூடுனா இப்பல்லாம் பேச்சு காசுல ஆரம்பிச்சு கேமராவுலதான் வந்து நிக்கி. என்ன மாடல் வாங்கலாம், சின்னப் பொருள கிட்டக்க போய் பெருசா எடுக்க மேக்ரோ லென்ஸ் இல்லாம எடுக்க முடியுமா, அதுக்கே தனியா முப்பதாயிரம் நாப்பதாயிரம் ஆவுமாமே, இதான் கேள்வி. திருநெல்வேலி டவுண்ல ரத வீதி பக்கம் பழைய காசு வச்சிருக்க அண்ணாச்சி ஒருத்தரும் போன வாரம் இதையேதான் கேட்டாவ, அவியகிட்ட வாயால சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதுதேன், ஏன்னா இதுல எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கு: கேமரா பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, குடுக்க பணத்த எம்புட்டு கொறைக்க முடியுமோ கொறைங்க, ஸ்டாண்டையும் வெளிச்சத்தையும் சரி பண்ணுங்க, படம் தானா வரும்.

நல்ல படம்னா என்னன்னு மொதல்ல ஒரு அளவு வேணும்லா. நான் வச்சிருக்க அளவு 1911ல வந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். ராசா போட்டிருக்க அங்கியில பொடியா ஒரு யானை உண்டு, தும்பிக்கையும் காலும் குட்டையா போனதால அது பன்னி மாதிரி இருக்குன்னு சனங்க கொதிச்சு எழுந்து, 1912ல அச்ச மாத்தி தும்பிக்கைய தெளிவா வச்சாங்க. அந்த 1911 காசு சேக்குதவங்களுக்கு ரொம்ப முக்கியமான காசு. உங்க படத்துல அந்த யானையோட தும்பிக்கை எங்கன முடியுதுன்னு பாக்குதவனுக்கு தெரியுதா, அந்த கேமரா போதும், அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

இப்ப கணக்குக்கு வாரேன், இது தெரிஞ்சா பாதி பணம் மிச்சம். வெள்ளி ரூபாயோட விட்டம் முப்பதரை மி.மீ. கேனான், நிக்கான்ல விலை கம்மியான டிஎஸ்எல்ஆர் (லென்ஸ கழட்டி மாட்டுத பெரிய கேமரா) எதை எடுத்தாலும் உள்ள படம் விழுத சென்சார் சுமாரா 22, 23 மி.மீ அகலம், 15 மி.மீ உயரம். அப்பம் காசோட உருவம் பாதியா சுருங்கி விழுந்தாலே சென்சார் ரொம்பிரும். மேக்ரோ லென்ஸ்காரன் பெருமையா சொல்லுத ஒண்ணுக்கு ஒண்ணு அளவு, அதாவது பொருள் எம்புட்டு பெருசோ அதே அளவுல சென்சார்ல விழுதது, ஒரு முழு ரூபாய எடுக்கதுக்கு தேவையே இல்ல, அது அந்த யானைய மட்டும் தனியா எடுக்கணும்னாத்தான். கேமரா கூடவே வார 18-55 கிட் லென்ஸ் இருக்குல்லா, எல்லாரும் மட்டமா பேசுததே, அதை 55ல வச்சு கிட்டக்க போனா மூணுல ஒரு பங்கு அளவுக்கு காசு விழும், கேனான்ல 0.34ன்னு போட்டிருப்பான். அதாவது வெள்ளி ரூபாய் சென்சார்ல பத்து மி.மீ, உயரத்துல மூணுல ரெண்டு பங்கு. 2011ல வந்த கேனான் 1100டி வெறும் 12 மெகாபிக்சல்தான், அதுலயே குறுக்க 1900 பிக்சலுக்கு மேல காசு மட்டும் நிக்கும். போன்லயும் கம்ப்யூட்டர்லயும் பாக்கதுக்கு ஆயிரமே தாராளம். 24 மெகாபிக்சல் வேணும்னு அலையுதவங்க இந்த கணக்க ஒரு தடவை போட்டு பாக்கணும்.

அதனால நான் சொல்லுதது பழைய டிஎஸ்எல்ஆர், கிட் லென்ஸோட. நம்ம ஊர்ல கல்யாண போட்டோ எடுக்க பயலுவ எல்லாம் புது ரக மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிட்டாங்க, அவங்க ஆரம்பத்துல வச்சிருந்த பழைய பாடி பீரோவுல கிடக்கும், நான் விசாரிச்ச வரைக்கும் பத்தாயிரத்த ஒட்டித்தான் கேக்காவ. வாங்கப் போறப்ப லென்ஸ டார்ச் அடிச்சு பாக்கணும், உள்ள வலை மாதிரி பூஞ்சை ஓடியிருந்தா வேண்டாம்னு வச்சிருங்க. மத்தபடி நமக்கு ஒரு வசதி என்னன்னா, ஊர்க்காரங்க குறைன்னு சொல்லுதது பாதி நமக்கு குறையே இல்ல. பிளாஷ் எரியலையா, காசுக்கு பிளாஷே ஆகாது. ஆட்டோ போகஸ் திக்குதா, நாம கையாலதான் போகஸ் பண்ணப்போறோம். ரப்பர் பிடி உரிஞ்சிருக்கா, உரிஞ்சிட்டுப் போவட்டும். இதெல்லாம் சொல்லி நியாயமா விலைய கொறைக்கலாம். ஆனா லைவ் வியூ, அதாவது எடுக்கதுக்கு முன்னாலயே காட்சி திரையில தெரியுத வசதி, இருக்கணும், கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல ஓடணும், அது ரெண்டும் கட்டாயம். கேனான்ல அதுக்கான சாப்ட்வேரு கம்பெனியே சும்மா குடுக்கான், காசு பெரிய திரையில தெரியும், பத்து மடங்கு பெருசாக்கி எழுத்து மேல போகஸ் வச்சுட்டு, கேமராவ தொடாமலே மவுஸ்ல தட்டி எடுக்கலாம். கண்ணு மங்குன பெரியவங்களுக்கு இது எம்புட்டு உதவின்னு சொல்லி மாளாது.

சின்ன பாக்கெட் கேமராவுல மேக்ரோ ஒரு சென்டிமீட்டர்னு போட்டிருக்கும், அத நம்பி வாங்காதீங்க. அம்புட்டு கிட்ட லென்ஸு போச்சுன்னா வெளிச்சம் எந்த வழியா உள்ள வரும்? காசு மேல லென்ஸோட நெழல்தான் விழும், அதுவும் ஜூம் போடாம வைடுல வச்சா மட்டும்தான் அம்புட்டு கிட்ட போவும், வட்டமும் கோணிக்கிட்டு தெரியும். போன்ல இருக்க 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவும் இதே கதைதான். போனு மட்டும்தான் இருக்குன்னா மெயின் கேமராவுல ரெண்டு மடங்கு ஜூம் வச்சு கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க, போன ரெண்டு புத்தக அடுக்குக்கு நடுவுல பாலம் மாதிரி வச்சுக்கிடுங்க, ஓரளவுக்கு வரும். ஆனா போனு தானா படத்த கூர்மையாக்குததுல தேஞ்ச காசுல இருக்க கீறல் எல்லாம் எழுத்து மாதிரி நிக்கும், வாங்க விக்க அத நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அடுத்து ஸ்டாண்டு, இதத்தான் யாரும் கேக்கவே மாட்டேங்காங்க. ட்ரைபாட தலைகீழா மாட்டி மல்லுக்கட்ட வேண்டாம். பாளையங்கோட்டை, ஜங்ஷன், அம்பாசமுத்திரம்னு எந்த ஊரானாலும் கருப்பு வெள்ளை காலத்து ஸ்டுடியோ ஒண்ணாவது இருக்கும், அங்க டார்க் ரூம்ல ஓரமா ஒரு என்லார்ஜர், அதான் பிலிம்ல இருக்க படத்த பெருசாக்கி பேப்பர்ல விழ வைக்குத மெஷினு, தூசி பிடிச்சு நிக்கும். கனமான அடிப்பலகை, அதுல ஒரு இரும்புத் தூணு, தூணுல ஏறி இறங்குத தலை, பிடிச்சு நிறுத்த ஒரு திருகு. காசு படத்துக்கு வேண்டியது அம்புட்டும் அதுலயே இருக்கு. தலைய கழட்டிட்டு லேத் பட்டறையில குடுத்து ஒரு எல் வடிவ பட்டை போடச் சொன்னா போதும், கேமராவுக்கு அடியில இருக்க ஓட்டை கால் இஞ்சு திருகுதான். நான் பேட்டையில ஒரு பட்டறையில செஞ்சேன், அந்த அண்ணாச்சி காசப் பாத்துட்டு கூலியே வேண்டாம்னாவ, நான்தான் வற்புறுத்தி குடுத்துட்டு வந்தேன். கேமரா நேரா கீழ பாக்குதான்னு தெரிய அடிப்பலகையில ஒரு சின்ன முகம் பாக்குத கண்ணாடிய வைங்க, லைவ் வியூல லென்ஸோட கண்ணு திரைக்கு நட்ட நடுவுல தெரிஞ்சா சரியா இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா ஒரு பக்கம் எழுத்து தெளிவாவும் மறு பக்கம் மங்கியும்தான் வரும். எடுக்க நேரத்துல மட்டும் பேன நிறுத்திருங்க, நம்ம ஊரு வெயில்ல அது கொடுமைதான், ஆனா மாடி ரூம்ல பேன் ஓடுனா மேசை ஆடும், மேசை ஆடுனா யானை போச்சு.

வெளிச்சத்தப் பத்தி விடிய விடிய பேசலாம், எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்சதே அதுதான். நம்ம பக்கம் கைக்கு வாரது பாதிக்கு மேல தேஞ்ச செப்புக்காசு, பாண்டியர் காசுல சோணாடு கொண்டான்னு எழுத்து இருக்கும்னு படிச்சிருப்போம், கையில எடுத்தா பச்சையும் கருப்புமா ஒரு தகடுதான். அத நேர் மேல இருந்து லைட் போட்டு எடுத்தா ஒண்ணும் தெரியாது. 9 வாட் எல்இடி பல்பு ஒண்ணை பக்கவாட்டுல, காசோட மட்டத்துக்கு கிட்டத்துல இறக்கி வச்சு, காச மட்டும் மெதுவா சுத்திக்கிட்டே திரையில பாருங்க. ஒரு கோணத்துல சோணான்னு ரெண்டு எழுத்து எந்திரிச்சு நிக்கும், இன்னும் கொஞ்சம் திருப்புனா அது அமுங்கி கீழ இருக்க எழுத்து வரும். வெறும் கண்ணால வாசிக்க முடியாத காச இப்படி வாசிக்கப்ப வார சந்தோசம் சொல்லுல அடங்காது. ஒண்ண மட்டும் மறக்காதீங்க, படத்துல வெளிச்சம் மேல் பக்கமா இருந்துதான் வரணும், கடிகாரத்துல பத்து மணி இருக்க இடம் சரியா இருக்கும். கீழ இருந்து வந்தா நம்ம கண்ணு ஏமாந்து மேடு எல்லாம் குழியா தெரியும்.

வெள்ளி ரூபாய்க்கு பத்து மணி இடத்துல ஒரு பல்பு, ரெண்டு மணி இடத்துல ஒரு பல்பு, ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே கலரா வாங்கிருங்க, முன்னால டிரேசிங் பேப்பர் கட்டிக்கிடுங்க. ரூம் டியூப்லைட்ட அணைச்சிரணும், சன்னல் வெளிச்சமும் கூடாது, ரெண்டு கலரு கலந்தா வெள்ளி நீலமாவும் மஞ்சளாவும் அடிக்கும். வெள்ளைப் பேப்பர் வச்சு ஒயிட் பேலன்ஸ, அதாவது எது வெள்ளைன்னு கேமராவுக்கு சொல்லுத செட்டிங்க, கையால குறிச்சிட்டா செம்பு செம்பா வரும். புதுசா மின்னுத காசு, கண்ணாடி மாதிரி பளபளக்குத ஞாபகார்த்த காசுக்கெல்லாம் வேற வழி: போட்டோ பிரேம்ல இருக்க சாதா கண்ணாடித் துண்ட லென்ஸுக்கும் காசுக்கும் நடுவுல 45 டிகிரி சாய்ச்சு பிடிச்சு பக்கவாட்டுல இருந்து லைட்ட கண்ணாடி மேல விடணும், வெளிச்சம் அதுல பட்டு நேரா காசு மேல இறங்கும், லென்ஸு அந்தக் கண்ணாடி வழியாவே பாக்கும். இதுக்கு லென்ஸுக்கு கீழ இடம் வேணும், அதனாலதான் கிட்ட போவுத கேமரா வேண்டாம்னு மேல சொன்னேன்.

செட்டிங் ஒண்ணும் பெருசா இல்ல. மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்த வாங்குத வேகம்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸுக்குள்ள வெளிச்சம் போவுத ஓட்டை) எஃப் 8, ஷட்டர் திறந்திருக்க நேரத்த மட்டும் கூட்டி கொறைச்சுக்கிடுங்க. எல்லாம் தெளிவா வரட்டும்னு ஓட்டைய சின்னதாக்கி எஃப் 22க்கு போனா படம் மொத்தமா மங்கும், கிட்டக்க எடுக்கப்ப இது இன்னும் மோசமாவும். காச ஒரு அழிரப்பர் துண்டு மேல வச்சு கீழ கருப்புத் துணி விரிச்சா பின்னால நெழலே விழாது.

சின்ன காசுதான் கிட் லென்ஸ திணறடிக்கும். செங்கோட்டை மொதல்ல திருவிதாங்கூர்லயும் பொறவு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்ததால அந்தப் பக்கம் பழைய வீடுகள்ல இன்னும் சக்கரம்ங்க பொடிக் காசு கிடைக்கும், 28 சக்கரம் சேந்தா ஒரு திருவிதாங்கூர் ரூபாய், ஒரு வெள்ளிச் சக்கரம் ஆறேழு மி.மீ.தான் இருக்கும். கிட் லென்ஸுல அது நானூறு பிக்சல்தான் வரும். அதுக்கு லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுத எக்ஸ்டென்ஷன் டியூப் வேணும், கரண்ட் தொடர்பு இல்லாத வெறும் அலுமினிய வளையம் 7, 14, 28 மி.மீ.னு மூணு சேந்து சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இப்பத்த லென்ஸ அதுல மாட்டுனா அப்பெர்ச்சர மாத்த முடியாதுங்கது உண்மை. ஆனா அந்த என்லார்ஜர்ல இருந்த லென்ஸு இருக்குல்லா, அதுல அப்பெர்ச்சர் வளையம் கையால திருப்புதது, தட்டையான பொருள தட்டையான பேப்பர்ல தெளிவா விழ வைக்கதுக்குன்னே செஞ்ச லென்ஸு, காசுக்கு அதவிட பொருத்தம் ஏது. மரை 39 மி.மீ, அடாப்டர் போட்டு டியூப்ல மாட்டலாம். 50 மி.மீ என்லார்ஜர் லென்ஸுக்கு மூணு வளையத்தையும் போட்டா காசு கிட்டத்தட்ட அதே அளவுல சென்சார்ல விழும், லென்ஸுக்கும் காசுக்கும் நடுவுல பத்து சென்டிமீட்டர் இடமும் கிடைக்கும். 75 மி.மீ கிடைச்சா விடாதீங்க, இடம் இன்னும் கூட கிடைக்கும், ஆனா வளையம் ரெண்டு செட்டு வேணும்.

இன்னொண்ணு, இது கேமரா விசயம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. படம் பளிச்சுன்னு வரணும்னு சொல்லி செப்புக்காச புளி போட்டு தேய்க்காதீங்க. குத்துவிளக்குக்கு சரி, காசுக்கு கூடாது. நூத்துக்கணக்கான வருசம் படிஞ்ச பச்சைதான் அந்த எழுத்த காப்பாத்திக்கிட்டு இருக்கு, புளியில அது போச்சுன்னா எழுத்தோட ஓரமும் சேந்து போவும், விலையும் போவும். தெரியாத எழுத்த வெளிச்சத்தால வரவைங்க.

முன்னும் பின்னும் எடுத்தா போதும்னு நெனைக்காம விளிம்பையும் ஒரு படம் எடுத்து வச்சுக்கிடுங்க, வார்ப்புல செஞ்ச போலிக்கு ஒட்டுன கோடு அங்கனதான் தெரியும், முகத்துல பொடிப்பொடியா குமிழும் இருக்கும். ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818ன்னு அடிச்ச கிழக்கிந்திய கம்பெனி காசுன்னு சொல்லி விக்காவல்லா, அது கம்பெனி அடிச்ச காசே இல்ல, அதுக்கு கேமராவும் வேண்டாம். சுதந்திரத்துக்குப் பொறவு வந்த காசுன்னா வருசத்துக்கு கீழ பெருசாக்கி ஒண்ணு எடுங்க, வைரக் கட்டம் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒண்ணும் இல்லன்னா கல்கத்தா. பைல் பேருலயே எடையும் விட்டமும் எழுதி வச்சிருங்க, வெள்ளி ரூபாய்னா 11.66 கிராம் இருக்கணும், பின்னால யாரு கேட்டாலும் படத்தையும் எடையையும் சேத்துக் காட்டலாம்.