செப்டெம்பர் எங்களுக்குப் பிந்திவிடும்

எங்கள் கடையில் கடல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று உப்புப் பெட்டி, மற்றது கருவாட்டுக் கூடை. நெத்தலியும் கட்டாவும் எப்போதும் இருக்கும். சம்பளம் போட்ட கிழமையில் மட்டும் கொஞ்சம் சீலா எடுத்து வைப்பேன். டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகும் ரோட்டில், காசல்ரீ நீர்த்தேக்கம் கீழே தெரிகிற ஒரு வளைவில் கடை. மேலே தேயிலை மலையும், தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களும். இந்தத் தோட்டத்தில் வயதானவர்களில் பலர் கடலை நேரில் பார்த்ததே இல்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் காலி முகத்திடலில் நின்று எடுத்து அனுப்பும் போட்டோதான் அவர்களுக்குக் கடல்.

அதனால் கடலில் பிளாஸ்டிக் சேர்கிறது என்று நான் பேச்செடுத்தால், கொழுந்து நிறுத்துவிட்டுச் சாமான் வாங்க வரும் அக்காமார் சிரிப்பார்கள். "அது கரையில இருக்கிறவங்க பிரச்சினை. நமக்கு அட்டைக்கடியும் குளவியும் போதாதா?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சிரிப்பு நின்றது 2021இல். அந்த மே மாதம் 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பலில் தீப்பிடித்தது. ஜூன் 2ஆம் திகதி அது மூழ்கத் தொடங்கியது. அதில் இருந்த ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டி, சவ்வரிசி மாதிரி கரையெல்லாம் ஒதுங்கின. நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடியை நிறுத்தினார்கள். டீவியில் அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒருவரும் கருவாடு வாங்கவில்லை. கூடையில் இருந்தது பழைய கருவாடு, கப்பல் எரிவதற்கு முன்பே வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். "வேணாம்மா, டின் மீன் குடுங்க" என்றார்கள். டின்னில் இருப்பதும் கடல் மீன்தான் என்று நான் சொல்லவில்லை. வியாபாரம் என்று ஒன்று இருக்கிறதே.

கடலிலிருந்து எங்களுக்கு என்ன வருகிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. எங்களிடமிருந்து கடலுக்கு என்ன போகிறது என்று பேச இன்னும் கொஞ்ச காலம் எடுத்தது.

கடை வாசலில் ஒரு பிள்ளை டொபியைப் பிரித்து உறையைக் கீழே போட்டால், அது முதலில் ரோட்டோரக் கானுக்குப் போகும். மழை வந்தால் கானிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து காசல்ரீக்கு. காசல்ரீ என்பது கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது. அந்த ஓயா கீழே போய் மஸ்கெலி ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்புக்கு வடக்கே மட்டக்குளிப் பக்கம் கடலில் விழுகிறது. ஆனால் ஹட்டன் டவுனில் விழுகிற மழை ஹட்டன் ஓயா வழியாக மகாவலிக்குப் போகும். அது 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் சேரும் ஆறு. ஆக, பஸ் ஏறும்போது ஹட்டனில் போட்ட சோளப்பொரி உறை கிழக்குக் கடலுக்கும், டிக்கோயாவில் இறங்கும்போது போட்ட தண்ணீர்ப் போத்தல் மேற்குக் கடலுக்கும் புறப்படுகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் சில நிமிட ஓட்டம்தான்.

போட்ட உறை எல்லாம் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. கடலுக்கு அதிகம் போவது கரையோர நகரங்களின் குப்பைதான். 2015இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கை நாடு நாடாகக் கணக்கிட்டு இலங்கையை 5ஆம் இடத்தில் வைத்தது. அந்தச் செய்தி அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்தக் கணக்கில் சேர்த்தது கடலிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் வசிப்பவர்களின் குப்பையை மட்டும். மலையில் இருக்கிற நாங்கள் அதற்குள் வரவே இல்லை. இதைக் கேட்டதும் என் தம்பி, "அப்ப நாம தப்பிச்சோம்" என்றான். எப்படித் தப்பினோம்? மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் வாயில் இரும்புக் கம்பி அடைப்பு இருக்கிறது, பெரிய குப்பை அங்கே நிற்கும். மிச்சம் கரைப் புல்லிலும் வேரிலும் கல்லிடுக்கிலும் சிக்கும். சிக்கியது அப்படியே இருப்பதில்லை. வெயிலில் மொரமொரப்பாகி, கல்லில் அடிபட்டு, துண்டு துண்டாகி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகும். நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாயும்போது மிதப்பதெல்லாம் தண்ணீரோடு கிளம்பும். களனியில் போகும் அந்தத் தண்ணீரைத்தான் அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். தம்பி மட்டக்குளியில்தான் அறை எடுத்து இருக்கிறான். இங்கே அவன் வீசியதை அங்கே அவனே குடிக்கலாம்.

நான் இதை எழுத உட்கார்ந்தது ஒரு விஷயத்துக்காக. உலகம் முழுவதும் கடற்கரை துப்புரவு செய்யும் நாள் செப்டெம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. 1986இல் அமெரிக்காவில் தொடங்கியது. இலங்கையிலும் அந்த நாளில் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு கரையில் பொறுக்குவார்கள், இங்கேயும் சில இடங்களில் அன்றைக்கே ரோட்டைக் கூட்டுவார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக்கு அந்தத் திகதி பொருந்தாது. இங்கே வைகாசியில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை ஆனி, ஆடி, ஆவணி என்று அடித்து ஊற்றும். செப்டெம்பர் வரும்போது கான்கள் கழுவி விட்டதுபோல் இருக்கும். பொறுக்க வேண்டியது முன்பே போய்விட்டிருக்கும். அன்றைக்கு நாங்கள் கூட்டுவது அந்தக் கிழமை விழுந்த குப்பையை.

எங்களுக்கு மாசி, பங்குனிதான் சரி. தைப்பொங்கல் முடிந்து சித்திரை இடிமழை தொடங்கும் வரை இந்தப் பக்கம் மழையில்லாக் காலம். ஓடை மெலிந்து, கான் காய்ந்து, போன வருஷத்துக் குப்பையெல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் அசையாமல் கிடக்கும். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களின் பஸ்களும் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை எங்கள் ரோட்டில்தான் ஓடுகின்றன. ஜன்னல் வழியே பறந்த போத்தலும் சோற்றுப் பொதி சுற்றிய தாளும் அந்தக் காய்ந்த கானில்தான் காத்திருக்கும். பதுளை, பசறைப் பக்கம் கணக்கு வேறு. அவர்களுக்குப் பெரிய மழை ஐப்பசி தொடங்கித் தை வரை, அதனால் அவர்களுக்குச் செப்டெம்பர் மிகச் சரியான மாதம். மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து நாள் வைத்தால் போதும். விதைப்புக்கு அப்படித்தானே பார்க்கிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் தோட்டத்தில் கான் வெட்டும் மாமா ஒருவர். தேயிலை மலையில் கானை நேராக இழுத்து விடமாட்டார்கள். இடையிடையே மண்ணைத் தடுப்பாக விட்டு, குழி குழியாக வெட்டுவார்கள். மழையில் வரும் மண் குழியில் தங்கும், தண்ணீர் மட்டும் தடுப்பைத் தாண்டி வழியும். மலை மண் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று தேயிலைத் தோட்டங்களில் வழிவழியாகச் செய்துவருகிற வேலை. "மண் எங்க தங்குதோ அங்கதாம்மா உங்க பேப்பரும் தங்குது" என்றார் மாமா. போய்ப் பார்த்தேன். லயத்துக்குக் கீழே இருந்த குழிகளில் பிஸ்கட் உறை, மாப்பெட்டி உறை, பேபி நப்கின் எல்லாம் மண்ணோடு படிந்து அடை அடையாக இருந்தன. புதிதாக வலை வாங்க வேண்டாம், கம்பி அடைப்பு வேண்டாம். ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறதை மழைக்கு முன் அள்ளினால் சரி. அள்ளாவிட்டால் குழி நிரம்பி, அடுத்த மழையில் எல்லாம் தடுப்பைத் தாண்டிப் போகும். லயத்துப் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு இறங்கினார்கள். மண்வெட்டி பிடிப்பதில் மாமா அவர்களைக் கேலி செய்தே களைத்துவிட்டார். அப்புறம் ஆளுக்கொரு பிளேன்டீயும் பணிசும் என் செலவு.

சரி, கடைக்காரியாகிய நான் என்ன செய்கிறேன்? அந்த உறைகள் எல்லாம் என் கை வழியாகப் போனவைதானே. சின்னப் பக்கற் விற்காதே என்று புத்தி சொல்பவர்கள் டவுனில் மாதச் சம்பளம் எடுப்பவர்கள். நாட்சம்பளம் வாங்கும் வீட்டுக்கு நானூறு கிராம் பால்மா ஒரே தடவையில் எடுக்க முடியாது. தோட்டத்து நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்கிய வர்த்தமானி 2021 மார்ச்சில் வந்தது. 20 மில்லிலீற்றருக்கும் 20 கிராமுக்கும் உட்பட்ட சின்னப் பக்கற்றுகளுக்குத் தடை வந்ததும் அதே மார்ச் மாதக் கடைசியில்தான். உணவுக்கும் மருந்துக்கும் அந்தத் தடையில் விலக்கு. எங்கள் கடையில் போவது பெரும்பாலும் உணவு. அதனால் அலுமாரி அவ்வளவாக மாறவில்லை. கையில் காசு கொஞ்சமாக இருக்கிற வரை பக்கற்றும் சின்னதாகத்தான் இருக்கும். வாங்குகிறவரை இதற்காகத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கொஞ்சமாக வாங்குவதற்கு உறை தேவையில்லை. அப்பா காலத்தில் தேங்காயெண்ணெய் கால் போத்தல், அரைப் போத்தல் என்று அளந்து ஊற்றுவோம். அந்த அளவுப் பாத்திரங்களை மறுபடி எடுத்தேன். போத்தல் கொண்டு வந்தால் எண்ணெயும் வினாகிரியும் எத்தனை ரூபாய்க்கும் தருவேன். மிளகாய்த்தூள், கொத்தமல்லித்தூள், பருப்பு எல்லாம் டப்பா கொண்டு வந்தால் நிறுத்துப் போடுவேன். பக்கற்றை விட ஒரு சிட்டிகை கூடவே விழும். அந்தச் சிட்டிகைதான் வேலை செய்தது, கடல் இல்லை. கருவாட்டைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுக்கிறேன். டொபி, பைட்ஸ் உறைகளுக்குக் கடைத் தூணில் ஓர் உரச் சாக்கு கட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு அதில் உறையைச் சுருட்டி எறிந்து விழுத்துவது ஒரு விளையாட்டு. குறி தப்பினால் எடுத்து மறுபடி எறிய வேண்டும் என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

மாரியம்மன் திருவிழாதான் பெரிய சண்டை. அன்னதானத்துக்கும் மோருக்கும் வருஷா வருஷம் பிளாஸ்டிக் கோப்பை. மறுநாள் கோயில் படியிலிருந்து ஓடை வரை வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு எல்லாம் தடையானதும், கமிட்டியில் பேப்பர் கோப்பை வாங்கலாம் என்றார்கள். பேப்பர் கோப்பையின் உள்ளே பூசியிருப்பதும் பிளாஸ்டிக்தான் என்று மாதர் சங்கத்துப் பெண் ஒருத்தி ஒரு கோப்பையை வெந்நீரில் ஊறப்போட்டு, உள்தோலை உரித்து மேசையில் வைத்தாள். தலைவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப வாழை இலை?" என்றார். எங்கள் உயரத்தில் காற்றுக்கு இலை கிழிந்து நார் நாராகத்தான் இருக்கும், டவுனில் வாங்கினால் யானை விலை. கடைசியில் வீட்டுக்கு வீடு அவரவர் தட்டும் டம்ளரும் கொண்டு வருவது என்று முடிவானது. "கோயிலுக்குப் பிச்சை எடுக்கிற மாதிரித் தட்டைத் தூக்கிக்கிட்டு வரணுமா?" என்று ஒரு பெரியம்மா கோபித்துக்கொண்டு வரவே இல்லை. டம்ளர் மாறிப் போகாமல் இருக்க லயத்துக்கு ஒரு நிறம் என்று அடியில் நகப்பூச்சு வைத்தார்கள். சிவப்புக்குத்தான் அடிபிடி. இரண்டு டம்ளர் காணாமல் போய், அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்து, இன்னும் தீரவில்லை. ஆனால் மறுநாள் படி சுத்தமாக இருந்தது.

தீராதது இன்னொன்றும் இருக்கிறது. போத்தலைப் பழைய சாமான் எடுப்பவர் வாங்கிக்கொள்வார். உறையை எவரும் வாங்கமாட்டார். பல அடுக்குப் பிளாஸ்டிக், உருக்கி ஒன்றும் செய்ய முடியாது. குப்பை எடுக்கும் டிரக்டர் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும், லயத்துப் பக்கம் ஏறாது. கேட்டால் தோட்டத்து ரோடு தோட்டத்தின் பொறுப்பு என்கிறார்கள், தோட்டத்தில் கேட்டால் மற்றப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் வேலை செய்ய வழிவிட்டு 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. டிரக்டருக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும். இதனால்தான் பலர் அடுப்பில் போடுகிறார்கள். மழைக்காலத்தில் ஈர விறகு பற்ற ஒரு துண்டுப் பொலித்தீன் போதும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வித்தை. அந்தப் புகை லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, விட்டு வெளியே போகாது, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைதான் இழுக்கும். உரிந்து விழும் யூகலிப்டஸ் பட்டையை வெயில் காலத்தில் பொறுக்கிக் காய வைத்தால் அதுவும் நன்றாகப் பற்றும். கடையில் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறேன். காசு வேண்டாம், ஒரு சாக்கு உறைக்கு ஒரு கட்டு.

இந்த வருஷம் சிவராத்திரி கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி கானில் இறங்குகிறோம். டிக்கோயா, நோர்வூட் பக்கம் இருப்பவர்கள் வரலாம். பழைய உரச் சாக்கும் மண்வெட்டியும் கொண்டு வாருங்கள், காலில் பூட்ஸ் இருந்தால் நல்லது. மெயின் ரோட்டு வரை சாக்குகளை இறக்க ஒரு லொறி பேசியிருக்கிறோம், டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட வேண்டி வரும். டிரக்டர்க்காரரிடம் ஒரே நாளில் அத்தனை சாக்கையும் ஏற்றுவாரா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். ஏற்றாவிட்டால் என் கடைக்குப் பின்னால்தான் அடுக்க வேண்டும். எலிப்பொறி வாங்கி வைத்துவிட்டேன்.