கட்டுநாயக்கவிலிருந்து மாலே: 775 கிலோமீட்டர், ஆனால் எத்தனை மணி நேரம்?

மாலைதீவு போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது தூரத்தைத்தான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மாலேயின் வெலானா விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 775 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகுமே, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாமே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் அது முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான், ஏறுவதும் இறங்குவதும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் மீதியைத் தின்றுவிடும். ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடிகாரம். மாலேயில் நேரம் இலங்கையைவிட அரை மணி பின்னால். காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே 11 மணிக்கு இறங்குவீர்கள், திரும்பி வரும்போது 10 மணிக்குக் கிளம்பினால் இங்கே 12. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு "போக ஒரு மணி, வர இரண்டு மணியா?" என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டு பக்கமும் அதே ஒன்றரை மணிதான். (1996 கடைசியிலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது, அப்போது வித்தியாசம் ஒரு மணி நேரம்.)

ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கணக்கையெல்லாம்விட முக்கியமானது நீங்கள் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதுதான். வெலானா இருப்பது ஹுல்ஹுலே தீவில். சக்கரம் தரையைத் தொடும்வரை ஜன்னலுக்குக் கீழே தண்ணீர்தான் தெரியும், வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கமே படகுத்துறை. மாலே நகரத்துக்கு மட்டும் போவதானால் 2018இல் திறந்த பாலத்தில் டாக்சி பிடித்துச் சில நிமிடங்களில் போய்விடலாம். தூரத்து ரிசார்ட் என்றால் கதையே வேறு, பெரும்பாலும் கடல் விமானத்தில்தான் போக வேண்டியிருக்கும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும், ஆகவே பிற்பகல் நான்கு மணிக்கு இறங்கினால் அன்றைக்குக் கடல் விமானம் கிடைப்பது சந்தேகம். இரவை மாலேயிலோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலோ கழிக்க வேண்டிவரும், அந்த அறை வாடகை தனி, ரிசார்ட்டில் ஏற்கெனவே கட்டிய ஒரு இரவும் போச்சு.

இன்னொன்று, சில ரிசார்ட்டுகள் தங்களுக்கென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கும். திரும்பும் நாளில் அவர்கள் சொல்வது தீவு நேரமா மாலே நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடல் விமானம் எத்தனை மணிக்கு என்பதையும் பெரும்பாலும் முந்தின நாள்தான் சொல்வார்கள். அதனால் போகும்போது காலை விமானத்தையும் வரும்போது மாலை அல்லது இரவு விமானத்தையும் எடுங்கள், டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.