அகப்பை யார் கையில்

பேரழிவில் மிஞ்சிய ஓர் இனக்குழு, அதற்குள் ஒரு குடும்பம். இப்படிப்பட்ட நாவல்களைச் செப்பனிட உட்காரும்போது உரையாடலைத் தொடுவதற்கு முன் தானியக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது நிவாரணப் பணிகளில் வைக்கும் கணக்கு. தானியத்தை மட்டும் நம்பினால் அது சுமார் 600 கிராம். 30 பேருக்கு நாளைக்கு 18 கிலோ. அறுவடைக்கு இன்னும் 100 நாள் என்றால் 1,800 கிலோ. குதிரில் 1,200 கிலோதான் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று, ஆளுக்கு 400 கிராம். இல்லை, பத்துப் பேருக்கு எதுவும் கிடையாது. கதை அங்கே தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலான பிரதிகளில் இந்தக் கணக்கு இருப்பதில்லை. குதிர் நிறைந்திருக்கிறது, அண்ணனும் தம்பியும் "நம்ம ரத்தம்" என்று பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வயிறு நிறைந்தவன் காட்டும் பாசத்துக்குச் செலவே இல்லை, வாசகர் அதை நம்புவதும் இல்லை.

பற்றாக்குறை வந்துவிட்டால் பேச்சு தேவைப்படாது. பெரிய பானையில் கஞ்சி. கெட்டியெல்லாம் அடியில் தங்கியிருக்கும், மேலே வெறும் தெளிவு. எல்லோருக்கும் ஓர் அகப்பை என்பது குழுவின் சட்டம். ஊற்றுகிறவள் அகப்பையை அடிவரை விட்டு மொண்டால் பருக்கை வரும், மேலாக மொண்டால் தண்ணீர்தான். தன் மகன் முறை வரும்போது அவள் மணிக்கட்டு எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இடுகிறவள் தன்னவளானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்று சும்மாவா சொன்னார்கள்! இந்த ஒரு காட்சி மூன்று சண்டைக் காட்சிகளுக்குச் சமம்.

விதைத் தானியத்தை மேற்சொன்ன கணக்கில் சேர்க்கக் கூடாது. பசியில் அதைத் தொடாமல் இருப்பார்களா என்று சந்தேகம் எழலாம். 1941-இல் சோவியத் நகரமான லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டபோது அங்கிருந்த விதைச் சேகரிப்பைக் காத்த அறிவியலாளர்கள் சிலர் அதை உண்ணாமலே பட்டினியில் இறந்தார்கள். அது ரத்த உறவுக்கான விசுவாசம்கூட அல்ல.

உறவு உயிர் காக்குமா? 1846–47 குளிர்காலத்தில் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கிய டோனர் குழு என்ற அமெரிக்கக் குடியேறிகளின் கூட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களைவிடத் தனியாக வந்த ஆண்களே அதிக விகிதத்தில் மடிந்தார்கள். தனியாளைக் காட்டிலும் கிழவியும் குழந்தைகளும் உள்ள கூட்டம் சுமை என்று எழுதுபவர்கள் இதைப் பார்க்கலாம். உயிர்கள் உறவுக்கு எப்போது உதவும் என்பதற்குப் பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இல் தந்த சூத்திரத்தைப் படித்துவிட்டு, மரபணு நெருக்கத்தை வைத்து உடன்பிறந்தவனுக்கு 1/2, சித்தப்பா மகனுக்கு 1/8 என்று பாசத்தைப் பங்கு போடுகிறவர்களும் உண்டு. அதில் உதவியின் செலவும் பலனும் சேர்ந்தே வருகின்றன. உறவின் அளவு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. போதாக்குறைக்கு, மருமகளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. கதையில் பாதிச் சிக்கல் அவள் வழியாகத்தான் வரும்.

பொருள்களைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பெட்ரோல் ஓராண்டைத் தாண்டினால் நம்ப முடியாது. மூன்றாம் தலைமுறை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறது என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். குடிக்கும் தண்ணீர் தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான மலையில் மூன்று நிமிடம். அரை நாள் காய்ச்சி விறகைத் தீர்க்க வேண்டாம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு வழுக்கு நிலம் உண்டு. ஆங்கிலத்தில் யோசித்து 'கசின்' என்று வைத்துக்கொண்டு போவார்கள். அவன் சித்தப்பா மகனா, அத்தை மகனா? முன்னவன் பங்காளி, நிலத்துக்கும் குதிருக்கும் போட்டியாள். பின்னவன் மச்சான், நாளை பெண் எடுக்கக்கூடியவன். முதல் அத்தியாயத்துக்கு முன்பே வம்சப் படம் போட்டு இதை முடிவு செய்துவிட வேண்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மாற்றினால், கல்யாணப் பேச்சு நடக்கும் காட்சியையும் குதிர் பிரியும் காட்சியையும் முழுதாகத் திரும்ப எழுத வேண்டியதுதான்.