மழையில் ஒரு காமிட்
நேற்று பொகவந்தலாவையில் விடாத மழை. சிக்னலும் போய்விட்டது. பைத்தான் நிரல்மொழி பழகும் தங்கச்சி மடிக்கணினியை மூடப் போனாள்.

"இணையம் இல்லாமல் எப்படி அண்ணா காமிட் செய்வது?"

காமிட் என்றால் எழுதிய நிரலின் அப்போதைய நிலையைப் பதிந்து வைப்பது. அதற்கு இணையம் எதற்கு? 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்காக, இப்படிப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளை எழுதியபோதே, முழு வரலாறும் அவரவர் கணினியில் இருக்கும்படிதான் செய்தார். அம்மா பறிக்கும் தேயிலைக் கொழுந்தை மலையிலேயே நிறுத்துப் பதிகிறார்கள். லொறி பிறகுதான் வருகிறது. காமிட் அந்த நிறுவை. பதிந்ததை இணையம் வழியே அனுப்பும் புஷ்தான் லொறி. இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

பிடித்துக்கொண்ட வேகத்தில் பழைய நிலைக்கே திருப்பிவிடும் 'ரீசெட் ஹார்ட்' கட்டளையை அடித்து இரண்டு காமிட்டுகளைத் தொலைத்தாள். கண் கலங்கிவிட்டது. முன்பு இருந்த காமிட்டுகளைப் பட்டியலிடும் 'ரீஃப்லாக்' கட்டளையைப் போட்டுக் காட்டினேன். இப்படிக் கைவிடப்பட்ட காமிட்டுகளின் தடத்தையும் கிட் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். அங்கிருந்த காமிட் எண்ணைப் பிடித்து இரண்டையும் மீட்டோம். (இரண்டுக்கும் அவள் எழுதியிருந்த குறிப்பு: 'சும்மா'. இதை வைத்து எதைத் தேடுவது!)

காமிட் செய்யாமல் பாதியில் விட்டிருந்த ஃபங்ஷன் (நிரலின் ஒரு துண்டு) மட்டும் போனது போனதுதான். அதை இரவு பதினொரு மணிக்கு மறுபடி எழுதினாள், என்னைத் திட்டிக்கொண்டே. சிக்னல் இன்னும் வரவில்லை.